பாங்காக் டிராமுக்கு மின்சாரம் தந்த நீர்மூழ்கிகள்

1945 ஏப்ரலில் நேச நாட்டு விமானங்கள் பாங்காக்கின் மின்நிலையங்களைக் குண்டுவீசித் தகர்த்தன. மின்சாரம் இல்லாமல் நகரம் தவித்தபோது கைகொடுத்தவை மச்சானு, விருண் என்ற இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள். துறையில் நின்றபடியே டிராம் வண்டிகளுக்கு அவை மின்சாரம் அனுப்பின.

சயாம் (இன்றைய தாய்லாந்து) கடற்படை ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்திடம் வாங்கிய நான்கு நீர்மூழ்கிகளில் முதல் இரண்டு இவை. கோபே நகரில் கட்டப்பட்டு, 1937 செப்டம்பர் 4 அன்று ஒப்படைக்கப்பட்டன. நீளம் சுமார் 51 மீட்டர். எடை 400 டன்னுக்கும் குறைவு. வல்லரசுகளின் நீர்மூழ்கிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டிகள்தான். (மச்சானு, தாய்லாந்து ராமாயணத்தில் அனுமனுக்கு மீன்வாலுடன் பிறந்த மகன்.)

டீசல் இயந்திரத்துக்குக் காற்று வேண்டும். நீருக்கடியில் அது கிடைக்காது. அதனால் மூழ்கியிருக்கும்போது மின்கலத்தில் சேமித்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் உந்துவிசிறியைச் சுழற்றும். மேலே வந்ததும் வேலை தலைகீழாகிவிடும். டீசல் இயந்திரம் அதே மோட்டாரைச் சுழற்ற, அது மின்னாக்கியாக மாறி மின்கலத்தை நிரப்பும். அக்கால நீர்மூழ்கிகளின் பொதுவான அமைப்பு இதுவே. உந்துவிசிறியின் இணைப்பைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு டீசல் மின்நிலையம். மின்கலத்தைப் போலவே டிராமுக்கும் நேர்மின்னோட்டம்தான் (DC) தேவை என்பது கூடுதல் வசதி.

எல்லாவற்றுக்கும் உயிர்நாடி அந்த மின்கலம். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் அதே ஈயத் தகடும் கந்தக அமிலமும்தான். ஆனால் ஓர் அறை நிறைய, ஏறத்தாழ 2 வோல்ட் கலங்களாக வரிசைகட்டி நிற்கும். நிரம்பும் நேரத்தில் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு தீப்பொறியே வெடிக்கப் போதும். கடல்நீர் கசிந்து கலங்களுக்குள் புகுந்தாலோ நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். இத்தனைக்கும் மேலாக, நிரப்புவதும் தீர்ப்பதுமாகப் பயன்படுத்தப் பயன்படுத்தத் தகடுகளின் ஈயப்பசை உதிர்ந்து, கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். எவ்வளவு பராமரித்தாலும் சில ஆண்டுகளில் மாற்றியே ஆகவேண்டும்.

சயாம் மாட்டிக்கொண்டது இங்கேதான். போரில் தோற்ற ஜப்பானுக்குப் படைத்தளவாடங்கள் செய்யத் தடை விதிக்கப்பட்டது. புது மின்கலங்களுக்கு வழியில்லை. போதாக்குறைக்கு, 1951 ஜூனில் கடற்படையினர் சிலர் நடத்திய ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்று, அரசின் கோபம் முழுக் கடற்படை மீதும் திரும்பியது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று நான்கு நீர்மூழ்கிகளும் பணியிலிருந்து நீக்கப்பட்டன.