மார்கழியில் பூசிய மயில்கழுத்து

பங்குனி பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே ரகம். "போன பொங்கலுக்குத்தான் பூசினோம், அதற்குள் உரிகிறது." கூடவே ஒரு படமும் வரும். கும்பகோணத்தில் 18 ஆண்டுகளாக வீட்டு உள்ளலங்கார வேலை பார்க்கிறேன். படத்தைத் திறக்கும் முன்பே சுவர் என்ன நிறம் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். மயில்கழுத்து, கருநீலம், அரக்கு, கிளிப்பச்சை. சந்தன நிறமும் இளமஞ்சளும் பூசியவர்கள் அழைப்பதில்லை. அவர்கள் வீட்டுச் சுவர் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வலங்கைமான் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் அப்படியே இருக்கிற பழைய வீடு. கூடத்தில் ஊஞ்சலுக்குப் பின்னால் இருக்கும் சுவர் மட்டும் மயில்கழுத்து, மற்ற மூன்றும் வெள்ளை. வெளிநாட்டில் இருக்கும் மகள் கைபேசியில் அனுப்பிய படத்தைக் காட்டிக் கடையில் கலந்து வாங்கிய நிறம். நிறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேக்குப் பலகையும் பித்தளைச் சங்கிலியும் அதன் முன்னால் பளிச்சென்று எடுத்துக் காட்டின. ஆனால் தரையிலிருந்து இடுப்புயரம் வரை சுவர் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் லேசாக நெம்பினேன். பொரித்த அப்பளம்போல் உப்பியிருந்த பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது. அதன் பின்புறத்தில், பெயிண்டுக்கு அடியில் சுவரைச் சமன் செய்யப் பூசும் பட்டி ஈரமாவாக ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் விரல் வைத்தால் சில்லென்று இருந்தது.

"இந்த நிறம்தான் நமக்கு ராசியில்லையோ, தம்பி?" என்றார்.

"எந்த மாதம் பூசினீர்கள், டீச்சர்?"

"மார்கழிக் கடைசியில். பொங்கலுக்கு முன்னால் முடிக்க வேண்டாமா?"

அங்கேதான் கோளாறு. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் பழக்கம். அதைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனால் டெல்டாவில் சுவர்கள் மிக அதிகமாகத் தண்ணீர் குடித்திருக்கும் காலமும் அதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். ஆக, பொங்கலன்று வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், சம்பா வயல்களில் பலவற்றில் ஈரம் நிற்கும். நம் வண்டல், களிமண் நிலம் பிடித்த ஈரத்தை எளிதில் விடாது. பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. செங்கல் அந்த ஈரத்தைத் திரியைப்போல உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. இதைத்தான் ஓதம் என்கிறோம். ஈரத்தோடு உப்பும் கரைந்து ஏறும். சுவரின் மேல்பரப்பில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும்.

முன்பு அடித்த சுண்ணாம்பு இந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். இப்போது அடிக்கும் எமல்ஷன், அதிலும் கழுவித் துடைக்கும் வகை, சுவருக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியது போன்றது. வெளியேற வழியில்லாத ஈரம் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

சந்தன நிறக்காரர்கள் ஏன் அழைப்பதில்லை என்று இப்போது புரிந்திருக்கும். உப்பு வெள்ளை, வெளிர்சுவரில் பூத்தால் கண்ணுக்கே தெரியாது. மயில்கழுத்திலும் அரக்கிலும் கடுகளவு பூத்தாலும் வாசலிலிருந்தே தெரியும். ஓதம் எல்லார் வீட்டுக்கும் பொது. அழுத்தமான நிறம் அதைக் காட்டிக்கொடுக்கிறது, பழியையும் தானே சுமக்கிறது. ராசி பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

எனவே அழுத்தமான நிறம் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஷேடு கார்டை முதலில் எடுப்பதில்லை. ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பாலித்தீன் தாளை வெட்டி, அந்தச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்கச் சொல்கிறேன். தாளின் உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சுவரில் எந்த நிறமும் இப்போது வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. ஆனாலும் பத்தில் ஒருவர்தான் செய்கிறார்; மற்றவர்கள் நாள் பார்த்துவிட்டோம் என்பார்கள். பெயிண்ட் வேலைக்கு நம் பக்கத்தில் நல்ல காலம் பங்குனி, சித்திரை, வைகாசி. புதிய சிமெண்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் நீராட்டி ஆறவிட வேண்டும் என்பது பொதுக்கணக்கு. சிமெண்டின் காரம் தணியாத சுவரில் சில சிவப்புகளும் மஞ்சள்களும் திட்டுத்திட்டாக வெளிறிவிடும். என்னைக் கேட்டால் புது வீட்டுக்கு முதல் ஆண்டு வெறும் வெள்ளையே போதும். ஒரு மழையும் ஒரு கோடையும் சுவர் பார்க்கட்டும்.

சுவர் காய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் வெளிச்சம். இதில் என் கையே சுட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. மன்னார்குடியில் ஒரு வீட்டின் சாப்பாட்டு அறைக்குச் செம்பருத்திச் சிவப்பு தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். கடையில் மஞ்சள் விளக்கின் கீழ் அது அவ்வளவு அழகாக இருந்தது. அந்த அறையில் இருந்ததோ 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு. மலிவான எல்.இ.டி. விளக்குகளின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தைச் சுவர் எங்கிருந்து திருப்பித் தரும்? இரவில் சுவர் காய்ந்த புளி நிறத்தில் தெரிந்தது. பகலிலோ நேர்மாறு. மேற்குச் சன்னல் வழியாக வெயில் அதன்மேல் விழ, எதிரே இருந்த வெள்ளைச் சுவர், மேசை விரிப்பு, தயிர்ச்சோறு எல்லாம் ரோஜா நிறம் பூசிக்கொண்டன. வீட்டுக்காரர் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தாயார்தான், "இந்த அறையில் தயிரைப் பார்த்தால் கெட்டுப்போனது மாதிரி இருக்கிறது" என்றார். என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். மூன்றடிக்கு மூன்றடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் நாலு விரல் வெள்ளை விட்டு, அதே சுவரில் சாய்த்து வைத்துக் காலை, உச்சி, விளக்கேற்றும் நேரம் என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். ஷேடு கார்டில் இரண்டு அங்குலத்தில் அடக்கமாகத் தெரிகிற நிறம் பத்தடிச் சுவரில் ஏறியதும் கூச்சல் போடும். எமல்ஷன் காய்ந்தபின் ஒரு படி அடர்ந்தும் தெரியும். விளக்கு மாற்றும் எண்ணமிருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள். மயில்கழுத்தும் நீலமும் 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் மங்கும். சிவப்பும் மஞ்சளும் அதில் வாழும்.

வெளிநாட்டுப் புத்தகங்களையும் காணொளிகளையும் பார்த்து, "வடக்கு அறையில் வெயில் விழாது, அங்கே தைரியமாக அடிக்கலாம்" என்கிறார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நம் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சன்னல் வழியாக அந்த நான்கு மாதம் வெயில் உள்ளே வரும். பளிச்சென்ற சிவப்பையும் ஆரஞ்சையும் வெளுக்கச் செய்யும். இன்னொன்று, வயலைப் பார்த்த சன்னல். பயிர் பச்சை கட்டி நிற்கும் மாதங்களில் உள்ளே வரும் ஒளியிலேயே பச்சை கலந்திருக்கும். அந்த அறையில் கிளிப்பச்சை அடித்தவர் முகம் கைபேசி அழைப்பில் மஞ்சட்காமாலை கண்டதுபோல் தெரிந்தது. அவர் வேலைக்கு நேர்முகத் தேர்வு கொடுத்ததும் அந்த அறையிலிருந்துதானாம்.

எவ்வளவு அடிப்பது என்பதற்கு எங்கள் தொழிலில் 60, 30, 10 என்று ஒரு விகிதம் சொல்வார்கள்: முதன்மை நிறம் 60 பங்கு, துணை நிறம் 30, எடுப்பான நிறம் 10. எனக்கு அதைவிடப் புடவைக் கணக்கு எளிது. உடல், கரை, தலைப்பு. திருபுவனத்துப் பட்டைக் கையில் எடுத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உடலும் கரையும் தலைப்பும் மூன்றும் கத்துகிற புடவையை யாரும் வாங்குவதில்லை. ஆனால் வீடென்று வந்தால் நான்கு அறைக்கு நான்கு அழுத்த நிறம் கேட்கிறார்கள். அதோடு, தரையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். நம் பழைய கூடங்களில் ரெட் ஆக்சைடு தரை இருக்கிறது. தேக்குத் தூண்கள் இருக்கின்றன. அரக்கு ஏற்கெனவே வீட்டில் குடியிருக்கிறது. அதன்மேல் பச்சைச் சுவரை நிறுத்தினால் இரண்டும் விடிய விடியச் சண்டை போடும்.

எனக்குப் பிடித்த இடம் மாடம். சுவரில் விளக்கு வைக்கும் அந்தச் சின்னக் குழிவின் உட்புறத்தில் மட்டும் மயில்கழுத்து அடித்து, நாச்சியார்கோவில் பித்தளை விளக்கு ஒன்றை ஏற்றி வைத்துப் பாருங்கள். சுற்றிலும் வெண்சுவர். ஒரு சாண் நிறம் கூடம் முழுவதையும் ஆளும். செலவு 200 மில்லி பெயிண்ட். அடுத்தபடியாக, தெருவாசலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் கொல்லைக் கதவு. ரேழி, கூடம், தாழ்வாரம் எல்லாம் தாண்டிக் கண் போய்த் தங்கும் இடம் அது. வெளிச்சம் எட்டாத உள்ளறையில் மட்டும் கருநீலம் கேட்காதீர்கள். நல்ல வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பித் தரும். கருநீலம் 10 விழுக்காடுகூடத் தராது. பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும்.

பழைய சுண்ணாம்புச் சுவர் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதை எமல்ஷனால் மூடாதீர்கள். சுண்ணாம்பிலும் நிறம் உண்டு. எல்லா நிறமும் இல்லை, அவ்வளவுதான். அதன் காரத்தைத் தாங்குபவை மண் நிறங்கள்: செங்காவி, மஞ்சள் காவி. பிறகு நம் வீடுகளில் துணிக்குப் போட்ட நீலம். அக்கிரகாரத் திண்ணைகளில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்ததில் பக்தி எவ்வளவோ அவ்வளவு வேதியியலும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் உட்சுற்றில் சோழர்கால ஓவியங்கள் நாயக்கர்கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்தன; 1930-களின் தொடக்கத்தில் வெளிவந்தபோதும் அவற்றின் காவியும் மஞ்சளும் உயிரோடுதான் இருந்தன. சுண்ணாம்புப் பூச்சில் தீட்டியவை அவை.

நிறம் மாற்றும்போது பலர் கவனிக்காதது பழைய எனாமல். சன்னல் கம்பி, கதவு, கிராதி இவற்றில் அடுக்கடுக்காக இருக்கும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சைப் பெயிண்டுகளில் ஈயம் இருக்கக்கூடும். அந்தப் பளிச்சென்ற நிறங்களுக்காகவே ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், தீயால் சுட்டு உரிப்பதும் ஆபத்து. அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டு, ஈர உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். பெயிண்டருக்கு முகக்கவசம் கொடுங்கள். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். துடைப்பத்தால் கூட்டினால் தூள் வீடு முழுவதும் பரவும்.

டீச்சர் வீட்டுக்கு வருகிறேன். சித்திரையில் நாலடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, வைகாசி முடியும்வரை செங்கல்லைத் திறந்தே விட்டோம். பார்க்கக் கண்றாவியாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளை, அடியில் ஒரு சாண் காவிப் பட்டை. மயில்கழுத்து மாடத்துக்கும், பாலித்தீன் சோதனையில் தேறிய ஓர் உட்சுவருக்கும் இடம் மாறியது. மகள் ஆவணியில் வந்து பார்த்துவிட்டு, படத்தில் இருந்த மாதிரி இல்லையே என்று கொஞ்சம் வருத்தப்பட்டாராம்.

ஊஞ்சல் சுவரை டீச்சர் இன்னும் விட்டபாடில்லை. மாதம் ஒருமுறை ஒரு துண்டுப் பாலித்தீன் ஒட்டிப் பார்த்து, முடிவை ஊஞ்சல் பலகைக்கு அருகே தொங்கும் காலண்டரில் குறித்து வைக்கிறார். கார்த்திகையில் அந்தப் பக்கம் போனபோது காட்டினார். ஆடி, ஆவணி, புரட்டாசிக்கு எதிரே நீல மையில் ஒரு 'சரி'. ஐப்பசிக்கு எதிரே சிவப்பு மையில் 'ஈரம்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.