வழுக்கினால் மறுபடி கழுவாதீர்கள்

சென்ற வருடம் சிங்கப்பூரில் ஒரு சீனப் பாட்டி, தன் வீட்டுப் பூச்சாடியைத் துண்டில் சுற்றி என் பட்டறைக்கு எடுத்து வந்தார். வெள்ளைக் கண்ணாடி மேல் சிவப்புக் கண்ணாடியில் தாமரையும் மீனும். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்ப்பார்களாம். எவ்வளவு அலசினாலும் சோப்பு போவதில்லை, அதனால் மறுபடி மறுபடி கழுவுகிறோம் என்றார்.

விரலை வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. சிவப்பு லிட்மஸ் தாளைச் சுத்தமான நீரில் நனைத்து மீன் வால் பக்கம் ஒற்றினேன். நீலமாக மாறியது. கழுவி எட்டு மாதம் ஆகியிருந்தது. அது சோப்பு இல்லை, கண்ணாடிக்குள்ளிருந்தே கசிந்து வரும் காரம்.

கண்ணாடி பழுதுபார்க்கும் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் துயரம் இது. நோயை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறார்கள்.

பெய்ஜிங் கண்ணாடி எனப்படும் இந்தச் சாடிகளின் கதை பெய்ஜிங்கில் தொடங்குகிறது. 1696இல் காங்ஷி பேரரசர் அங்கே அரண்மனைக் கண்ணாடிப் பட்டறையை ஏற்படுத்தினார். கிலியன் ஸ்டும்ஃப் என்ற ஜெர்மானிய ஏசுசபைப் பாதிரியார் அதை நிறுவ உதவினார். ஷான்டோங் மாகாணத்துப் போஷானிலிருந்து கைவினைஞர்களும் கண்ணாடியும் வந்தன. காங்ஷியின் பேரன் சியென்லுங் ஆண்ட காலத்தில் (1735–1796) கலை உச்சத்தைத் தொட்டது. பூச்சாடி, கிண்ணம், மூக்குப்பொடிச் சிமிழ் என்று எல்லாமே செய்தார்கள்.

இதில் உளி வேலை கிடையாது. முதலில் ஒரு நிறத்தில் பாத்திரத்தை ஊதி, அதன்மேல் வேறு நிறக் கண்ணாடியைப் போர்த்துவார்கள். இரண்டும் ஒரே அளவில் சுருங்க வேண்டும், இல்லையென்றால் ஆறும்போதே விரிசல் விழும். அப்புறம் ஜேட் என்ற பச்சைக்கல்லைச் செதுக்குகிறவர்களின் முறைதான். சுழலும் சக்கரத்தில் ஈரமான சாணைப்பொடியைத் தடவி, வேண்டாத மேலடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுப்பார்கள். மிஞ்சுவதுதான் மீனும் தாமரையும்.

அந்த மீன் சும்மா அழகுக்கு வந்ததில்லை. சீன மொழியில் மீன் 'யூ'. மிச்சம், உபரி என்பதற்கும் அதே ஒலி. தாமரை 'லியென்', தொடர்ச்சி என்பதும் 'லியென்'. இரண்டும் சேர்ந்தால், வருடா வருடம் வீட்டில் குறையாமல் மிஞ்சட்டும் என்ற வாழ்த்து. வௌவால் 'ஃபூ', நற்பேறும் 'ஃபூ'. சிலேடை வெண்பா படித்து வளர்ந்த நமக்கு இதை ரசிக்கத் தனிப் பாடம் தேவையில்லை. புத்தாண்டுக்கு அந்தச் சாடியை வெளியே எடுக்க வேண்டும் என்று பாட்டிக்குத் தோன்றியது எவ்வளவு சரி! கழுவியதுதான் வினை.

கண்ணாடிக் கலவையில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, சோடியம், பொட்டாசியம் போன்ற காரங்கள் கூடிப்போனால் அது நிலைத்து நிற்காது. காற்றின் ஈரம் அந்தக் காரத்தை வெளியே இழுக்கும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு பனி படர்ந்த மங்கல், கடைசியில் மேற்பரப்பு முழுக்க முடி போன்ற விரிசல் வலை. தொடக்ககாலப் பெய்ஜிங் கண்ணாடியில் இந்தக் குறை நிறைய உண்டு. வந்த விரிசலை யாராலும் திருப்ப முடியாது. வேகத்தைத்தான் குறைக்கலாம்.

அதனால் வழுக்குகிற பாத்திரத்தை வீட்டில் கழுவவே வேண்டாம். வினிகர், எலுமிச்சை, பற்பசை எதுவும் கூடாது. கசிந்த காரத்தை நீக்க நாங்கள் சில சமயம் கனிமம் நீக்கிய நீரைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் விரிசல் எவ்வளவு ஆழம் என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகுதான். ஈரப்பதம் ஏறி இறங்காமல் 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும் அலமாரி நல்லது. ரொம்பவும் உலர்த்திவிட்டாலும் விரிசல் பெருகும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். மரச்சில்லுகளை ஒட்டிச் செய்த சிப்போர்டு அலமாரியும் வேண்டாம், அதிலிருந்து வரும் அமில ஆவி கெடுதல்.

இன்னொன்று, மெருகு போடாதீர்கள். பூவுக்கும் இலைக்கும் நடுவே உள்ள வெள்ளைத் தரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். செதுக்கிய சக்கரம் விட்ட மெல்லிய அலை தெரியும். இலை நுனியில் சக்கரம் ஒரு மயிரிழை தாண்டிப்போன கோடு தெரியும். சக்கரத்தில் செதுக்காமல் அச்சில் வார்த்ததில் விளிம்புகள் மழுங்கியிருக்கும், சில சமயம் அச்சு சேர்ந்த தடமும் தெரியும். அமிலத்தில் அரித்ததில் தரை ஒரே சீராக மங்கியிருக்கும். அடியில் சியென்லுங் பெயர் இருப்பது மட்டும் சாட்சியாகாது, பிற்காலத்திலும் அதைப் பொறித்தார்கள். கைவேலைக்கு அந்தச் சக்கரத் தடங்களைப் போல வேறு சாட்சி இல்லை. பளபளப்புக்காக அதை அழித்துக் கொண்டு வந்தவர்களிடம், இனி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பாட்டியின் சாடி இப்போது உலோகச் சட்டமிட்ட கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, பக்கத்தில் ஈரப்பதமானி. இந்தப் புத்தாண்டுக்கு அதைக் கழுவவில்லை. மீன் வாலருகே உள்ள விரிசலை மாதம் ஒருமுறை அதே கோணத்தில் படமெடுத்து அவருடைய பேத்தி அனுப்புகிறாள். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இதுவரை நீளவில்லை.