மாசிபத்திரிப் பஞ்சும் மயிரிழை ஊசியும்

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் உள்ள சீச்சுன் வட்டாரம் 'ஆய்' என்ற மூலிகைக்குப் பெயர்போனது. 16ஆம் நூற்றாண்டின் பெரும் மருந்தியலாளர் லி ஷிசென் பிறந்த மண்ணும் அதுதான். சீன நாள்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளையொட்டி, செடி பூப்பதற்கு முன்பே இலையைப் பறித்துவிடுவார்கள். நம் மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும் இந்தச் செடியின் பேரினத்தைச் சேர்ந்தவை. இலையின் மேல்புறம் பச்சையாகவும் அடிப்புறம் சாம்பல் வெள்ளையாகவும் இருக்கும். அந்த வெள்ளைக்குக் காரணமான நுண்மயிரைப் பஞ்சாக்கி எரித்து, உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் சூடு காட்டுவதுதான் மோக்ஸா எனப்படும் சூட்டுச் சிகிச்சை.

அந்தப் புள்ளிகளில் குத்தும் அக்குபங்சர் ஊசியையும் இந்தப் பஞ்சின் சூட்டையும் சீன மருத்துவம் ஒரே துறையாகத்தான் கற்பிக்கிறது. 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்தது. ஆனால் சீனாவுக்கு வெளியே ஊசிக்குக் கிடைத்த புகழ் சூட்டுக்குக் கிடைக்கவில்லை. பழமையில் சூடு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஹுனான் மாகாணத்தின் மாவாங்துயியில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து 1973இல் பட்டுச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் உடலின் 11 நாளங்களை விவரிக்கும் ஏடுகள் நோய்க்குச் சூடு போடச் சொல்கின்றன. ஊசியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஹெபெய் மாகாணத்தில் 1968இல் திறக்கப்பட்ட இளவரசர் லியு ஷெங்கின் கல்லறையில் நான்கு தங்க ஊசிகளும் ஐந்து வெள்ளி ஊசிகளும் இருந்தன. அவர் இறந்தது கி.மு. 113இல்.

பறித்த இலையை நன்றாகக் காயவைத்து, உரலிலோ எந்திரத்திலோ இடித்து, சல்லடையில் திரும்பத் திரும்பச் சலிப்பார்கள். நரம்பும் காம்பும் பச்சைத் தூளும் கழிந்துபோக, பின்னிக்கொண்ட மயிர் மட்டும் பஞ்சாக நிற்கும். 5 கிலோ இலையில் 1 கிலோ எடுத்தால் அது சாதாரணப் பஞ்சு. சுருட்டு செய்ய ஏற்றது. 15 அல்லது 30 கிலோவுக்கு 1 கிலோ என்று சலித்து எடுப்பது பொன்னிறமாக, விரலில் உருட்டினால் உருண்டு நிற்கும். தோலின் மேல் நேரடியாக வைக்கும் சிறு கூம்புக்கு இதைத்தான் பயன்படுத்த வேண்டும். தூள் கலந்த பஞ்சு அதிகச் சூட்டோடு எரியும், பொறி தெறிக்கும், சாம்பல் பொலபொலவென உதிரும். தூய பஞ்சு மெதுவாக, மிதமாகக் கனன்று, சாம்பலும் உதிராமல் ஒட்டி நிற்கும். புதுப் பஞ்சில் எளிதில் ஆவியாகும் எண்ணெய் அதிகம் என்பதால் சூடு சட்டென்று ஏறிவிடும். மூன்று ஆண்டு வைத்திருந்து பயன்படுத்தும் வழக்கத்துக்கு இதுவே காரணம். ஏழாண்டு நோய்க்கு மூன்றாண்டு பழைய ஆய் தேடுவதைப் பற்றி கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே சீன மெய்யியலாளர் மென்சியஸ் பேசியிருக்கிறார்.

இன்று பெரும்பாலும் புழங்குவது மோக்ஸா சுருட்டு. 20 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை முதல் 1.8 சென்டிமீட்டர் விட்டம். பஞ்சை மெல்லிய காகிதத்தில் இறுகச் சுற்றியிருப்பார்கள். கனலும் முனையின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைத் தோலிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, தோல் இளஞ்சிவப்பாகும்வரை 10 முதல் 15 நிமிடம் காட்டுவது முதல் முறை. சிட்டுக்குருவி கொத்துவதுபோல் அருகே கொண்டுபோய் உடனே விலக்குவது இரண்டாவது. ஒரே உயரத்தில் வட்டமிடுவது மூன்றாவது.

மூன்றும் ஒரே நரம்பு உண்மையை மூன்று விதமாகக் கையாள்கின்றன. தோலின் நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற புரதம் சுமார் 43 டிகிரியில் திறந்து, 'சுடுகிறது' என்ற செய்தியை அனுப்புகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மோக்ஸாவின் வேலை இந்த வாசலை ஒட்டியே நடக்கிறது. அதற்குக் கீழே வெறும் இதமான சூடு. மேலே போனால் புண். எவ்வளவு மேலே என்பதும் முக்கியம். 44 டிகிரியில் தோல் வேக சுமார் ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் 5 வினாடி போதும். சுருட்டை ஒரு சென்டிமீட்டர் நெருக்கினால் நேரும் கேடு எவ்வளவு விரைவானது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன. கொத்தும் முறையில் சூடு ஏறி ஏறி இறங்குவதால் நரம்பு பழகிப்போய் மந்தமாவதில்லை, தூண்டலும் கூடுதல்.

சுருட்டைப் பிடிக்கும் கையின் சுண்டுவிரலை நோயாளியின் உடலில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் போனால் கை தளர்ந்து, அறியாமலே கீழிறங்கும். மற்றக் கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் புள்ளியின் இருபுறமும் தோலைத் தொட்டிருக்கட்டும், சூட்டை அவை சொல்லும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இதைத் தவிர்க்கவே கூடாது. பாதம் மரத்தவர் 'சுடவில்லை' என்று சொல்வதை நம்பிச் செய்தால் கொப்புளத்தில்தான் முடியும். அவருக்குப் பாதத்தில் மோக்ஸா போடாமல் இருப்பதே நல்லது. சாம்பல் சேரச் சேரச் சூட்டைத் தடுக்கும் என்பதால் அடிக்கடி கிண்ணத்தின் விளிம்பில் தட்டிவிட வேண்டும். நோயாளியின் உடலுக்கு மேலே வைத்து ஒருபோதும் தட்டக் கூடாது.

கூம்பு முறை இதைவிட நுட்பமானது. அரிசி அளவு கூம்பைத் தோலில் நேரடியாக வைப்பதானால், அது ஒட்டி நிற்கப் புள்ளியில் கொஞ்சம் வாசலைன் தடவி, ஊதுவத்தியால் உச்சியைப் பற்றவைப்பார்கள். 'சுடுகிறது' என்றதும் இடுக்கியால் எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பார்கள். கடைசிவரை எரியவிட்டுப் புண்ணாக்கி, சீழ் பிடிக்கச் செய்து, தழும்பு விழவைக்கும் பழைய முறையும் உண்டு. வாரக்கணக்கில் ஆறாத தீப்புண்ணை வேண்டுமென்றே உண்டாக்கும் அந்த முறைக்கு இன்று இடமில்லை.

கூம்புக்கும் தோலுக்கும் நடுவே இஞ்சி வில்லை வைப்பது பாதுகாப்பானது என்பார்கள். முழு உண்மை இல்லை. 2 அல்லது 3 சென்டிமீட்டர் அகலம், 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் வில்லையை அரிந்து, ஊசியால் பல இடங்களில் துளையிட வேண்டும். கனம் கூடினால் சூடு இறங்காது, குறைந்தால் சுட்டுவிடும். இஞ்சியின் ஈரம் ஆவியாகிக் கீழே இறங்குகிறது. ஈரச் சூடு உலர்ந்த சூட்டைவிட வேகமாகத் தோலை வேகவைக்கும். அதோடு, கூம்பு எரிந்து முடிந்த பிறகும் வில்லைக்கு அடியில் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். பெரும்பாலான இஞ்சிக் கொப்புளங்கள் இந்தப் பின்தங்கிய ஏற்றத்தில் வருபவை. சுடுவதாகச் சொன்னதும் வில்லையைத் தூக்கிப் பிடித்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். தொப்புளில் உப்பு நிரப்பிச் சூடு போடும்போது உப்பின்மேல் இஞ்சி வில்லை வைப்பதற்கும் காரணம் உண்டு. உப்புக் கல்லுக்குள் அடைபட்ட ஈரம் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

இனி ஊசி. மருந்து செலுத்தும் சாதாரண ஊசி 0.8 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அக்குபங்சர் ஊசி 0.25 அல்லது 0.30. உள்ளே துளை கிடையாது, நுனி தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். நீளம் பெரும்பாலும் 25 அல்லது 40 மில்லிமீட்டர். நுண்ணுயிர் நீக்கி அடைத்த ஊசியை ஒரே முறை பயன்படுத்திவிட்டு எறிய வேண்டும். இதில் சமரசம் செய்பவரிடம் சிகிச்சை எடுக்கவே கூடாது.

புள்ளிகளை அளக்கும் அலகு 'சுன்'. அது நோயாளியின் உடலையே அளவுகோலாகக் கொண்டது: அவர் கட்டைவிரலின் அகலம் 1 சுன், நான்கு விரல்களைச் சேர்த்த அகலம் 3 சுன். அதிகம் பயன்படும் புள்ளிகளில் ஒன்றான ஸூசன்லி, முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்புறம் உள்ள குழியிலிருந்து 3 சுன் கீழே, கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி இருக்கிறது. தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, அது உலர்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். வழிகாட்டிக் குழாய்க்குள் ஊசியை வைத்துப் பிடியை மெல்லத் தட்டினால் வலி தெரியாமல் தோலைக் கடந்துவிடும். இந்தக் குழாய் முறையை 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் பரப்பியவர் சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற மருத்துவர். தசை தடித்த இடத்தில் 90 டிகிரி, எலும்புக்கோ உறுப்புக்கோ அருகில் 45, தலையிலும் முகத்திலும் 15 டிகிரிச் சாய்வு.

ஊசியைத் திருகும்போது நோயாளிக்குக் கனம், மதமதப்பு, மந்தமான வலி தோன்றும். மருத்துவரின் விரலில் ஓர் இழுப்பு தெரியும். சீனத்தில் இதற்கு 'தச்சி' என்று பெயர். உடலில் ஓடும் ச்சி என்ற சக்தி வந்து சேர்ந்ததன் அடையாளமாக மரபு இதைக் கருதுகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்சவின் குழு 2001இல் 60 பேரிடம் இந்த இழுப்பைக் கருவியால் அளந்தது. திருகத் திருகத் தோலடியின் இணைப்புத் திசு ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மரபுப் புள்ளியில் பிடிமானம் சற்றே அதிகம். புள்ளி அல்லாத இடத்திலும் திருகினால் பிடிமானம் கூடத்தான் செய்தது.

ஊசி சிக்கிக்கொள்வதும் இதனால்தான். ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே போனால் திசு முறுக்கேறி ஊசியை விடாது. பலத்தோடு இழுத்தால் வலியும் கசிவும்தான் மிச்சம். எதிர்ப்பக்கமாகத் திருப்பி, சில நிமிடம் காத்திருந்து, சுற்றிலும் மெல்லத் தேய்த்துவிட்டால் தளரும். நோயாளி அசைந்ததால் ஊசி வளைந்திருந்தால், முதலில் அவரைப் பழைய நிலைக்குத் திருப்பி, வளைவின் போக்கிலேயே உருவ வேண்டும். முறிவு பெரும்பாலும் பிடியும் தண்டும் சேரும் இடத்தில் நேரும் என்பதால் தண்டில் ஒரு பகுதியை எப்போதும் வெளியே விட்டுவைப்பார்கள். பசியோடும் களைப்போடும் வந்தவருக்கு மயக்கம் வரலாம். எல்லா ஊசியையும் எடுத்துவிட்டு, படுக்கவைத்து, காலை உயர்த்தி, தெளிந்த பின் இனிப்பாக ஏதேனும் குடிக்கக் கொடுக்க வேண்டும். வழக்கமாக 20 முதல் 30 நிமிடம் கழித்து ஊசியை எடுப்பார்கள். வைத்த எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

உயிருக்கு ஆபத்து மார்பிலும் தோளிலும்தான். தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே நுரையீரலின் மேற்பரப்பு தோலிலிருந்து 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கலாம். அங்கே 40 மில்லிமீட்டர் ஊசியை நேராக இறக்கினால் நுரையீரல் உறையில் காற்று புகும். சிகிச்சைக்குப் பின் மூச்சுத்திணறலும் மார்பு வலியும் வந்தால், அது மணிக்கணக்கில் தாமதித்து வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்த ஆய்வில் 8.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். பெரும்பாலும் சிறு கசிவும் ரத்தக்கட்டும். நுரையீரல் காயம் இருவருக்கு.

ஊசியும் சூடும் சேரும் இடம் 'சூட்டு ஊசி'. ஊசியை இறக்கிய பிறகு, அதன் பிடியில் 2 சென்டிமீட்டர் சுருட்டுத் துண்டைச் செருகிக் கீழ்முனையில் பற்றவைப்பார்கள். ஊசி வழியே சூடு உள்ளே இறங்குகிறது என்பது மரபு விளக்கம். ஆனால் துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தை மோசமாகக் கடத்துவது, 0.30 மில்லிமீட்டர் கம்பியில் சூடு சிறிது தூரத்திலேயே காற்றில் கரைந்துவிடும். தோலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கனலின் நேர்க் கதிர்வீச்சுதான். அதனால்தான் கீழ்முனையில் பற்றவைப்பது சரி. பிளாஸ்டிக் பிடி உருகிவிடும். உலோகப் பிடி வேண்டும். துண்டு விழலாம் என்பதால், நடுவே வெட்டிய தடித்த அட்டையை ஊசியைச் சுற்றித் தோலில் விரிப்பது கட்டாயம்.

இவை உடலுக்குள் என்ன செய்கின்றன? பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங்கின் ஆய்வுகள் காட்டியபடி, ஊசி வழியே 2 ஹெர்ட்ஸ் மின்துடிப்பு கொடுத்தால் என்கெஃபலின், எண்டார்ஃபின் போன்ற உடலின் சொந்த வலிநீக்கிகள் சுரக்கின்றன. 100 ஹெர்ட்ஸில் டைனார்ஃபின். 2010இல் எலிகளின் ஸூசன்லியில் ஊசியைத் திருகியபோது அந்த இடத்தில் வலியைத் தணிக்கும் அடினோசின் என்ற பொருள் பல மடங்கு கூடியது; அதைப் பற்றிக்கொள்ளும் ஏ1 ஏற்பி இல்லாத எலிகளுக்கு வலி குறையவில்லை. 2021இல் நரம்பியல் ஆய்வாளர் ச்சியூஃபு மாவின் குழு இன்னும் தெளிவாகக் காட்டியது. காலின் ஆழ்திசுவில் உள்ள ஒருவகை நரம்புகள் மெல்லிய மின்தூண்டலில், மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பையும் அட்ரினல் சுரப்பியையும் இயக்கி அழற்சியைத் தணிக்கின்றன. வயிற்றின் ஆழ்திசுவில் அந்த நரம்புகள் இல்லாததால் அங்கே குத்தினால் அந்த விளைவு இல்லை. இடம் முக்கியம் என்பதற்கு இது உறுதியான சான்று, ஆனால் எலியில்.

மனிதரில் கதை வேறு. ஜெர்மனியில் 1,162 பேருக்கு நாள்பட்ட இடுப்பு வலியில் நடந்த சோதனையின் முடிவு 2007இல் வந்தது. மரபுப் புள்ளியில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கும், புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினருக்கும் ஆறு மாதத்தில் பலன் தெரிந்தது. வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி உதவுகிறது, ஆனால் எந்தப் புள்ளி என்பதன் பங்கு சிறிது. நாள்பட்ட வலிக்கு இதை நேர்மையாகப் பரிந்துரைக்கலாம். புற்றுநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்தை நிறுத்திவிட்டு ஊசி போடச் சொல்பவருக்கு இந்த எண்களில் எந்த ஆதரவும் இல்லை.

மோக்ஸாவுக்குக் கிடைத்த மிகச் சுவையான சோதனை கருவறையைச் சார்ந்தது. குழந்தை தலை மேலாக இருந்தால், தாயின் கால் சுண்டுவிரல் நக வெளிமூலையில் உள்ள ஸீயின் புள்ளியில் சூடு காட்டுவது சீன வழக்கம். 1998இல் வெளிவந்த சோதனையில் முதன்முறை கருவுற்ற 260 பேரை 33ஆம் வாரத்தில் சேர்த்தார்கள். 35ஆம் வாரத்தில் சூடு காட்டியவர்களில் 75.4 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 47.7 விழுக்காட்டினருக்கும் குழந்தை தலைகீழாகத் திரும்பியிருந்தது. பின்னர் இத்தாலியில் அதே முறையைப் பின்பற்றிய சோதனையில் பலன் தெரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு ஓரளவு நன்மை இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு காலிலும் 15 நிமிடம், நாளுக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு வாரம்; ஜன்னலைத் திறந்துவைத்து, ஏனெனில் புகையில் கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் உண்டு. இரட்டைக் கரு, கீழிறங்கிய நஞ்சுக்கொடி, ரத்தக்கசிவு உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். ஒரு வாரம் முடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தலை திரும்பியிருந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.