'சேர்க்கை சரியில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்

போதைப் பழக்கம் என்று பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடும் வசனம் ஒன்று உண்டு. "எங்க பையன் நல்லவன்தான் டாக்டர். சேர்க்கைதான் சரியில்ல." இந்த வாரமும் கேட்டாயிற்று. சொன்ன அப்பாவின் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. பையனின் போனைப் பிடுங்கியாயிற்று, நண்பர்களின் எண்களை பிளாக் செய்தாயிற்று, வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவும் போட்டாயிற்று. அந்தப் போதையில் உனக்கு என்னடா கிடைக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் கேட்டேன். பதினாறு வயது. கொஞ்ச நேரம் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், "தூக்கம் வருது சார்" என்றான். பரீட்சை நெருங்க நெருங்க, இரவு இரண்டு மூன்று மணிவரை விழித்துக் கிடந்திருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. கஞ்சா அடித்த அன்று தூங்கினான், மறுநாளும் அடித்தான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சேர்க்கைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் நினைக்கிற மாதிரி, ஒரு கெட்டவன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது அபூர்வம். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பதின்ம வயதினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாட வைத்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததுமே பிள்ளைகள் கூடுதலாகத் துணிந்து ஓட்டினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. யாரும் தூண்ட வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். இது எல்லா நண்பர்களாலும் நடக்கும், 'நல்ல' நண்பர்களாலும்.

இன்னொன்று, பிள்ளைகள் நண்பர்களைத் தேர்ந்தெடுக்கவும் செய்கிறார்கள். பதற்றத்தில் தவிப்பவன், படிப்பில் பின்தங்கியவன், வீட்டில் தினமும் சண்டையைக் கேட்பவன், தன்னை ஒன்றும் கேட்காத கூட்டத்தை நோக்கித்தான் நகர்கிறான். நண்பனை வெட்டிவிட்டால் தவிப்பு போய்விடுமா? அது அப்படியே இருக்கிறது. பேச இருந்த ஒரே ஆளும் போய்விட்டான். அப்புறம், நீங்கள் குற்றம்சாட்டுகிற அந்தப் பையனின் பெற்றோரும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் கெட்ட சேர்க்கை உங்கள் மகன்.

சரி, பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? போதை கெட்டது என்று தெரியாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்தக் கெடுதல் தனக்கு வராது என்பதுதான் அவர்கள் கணக்கு. "எல்லாரும் பண்றாங்க சார்." இல்லை. சக மாணவர்களில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால், உண்மையைவிட அதிகமாகவே சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "இலைதானே, இயற்கை." அபினும் செடியிலிருந்துதான் வருகிறது. "இது டாக்டர் எழுதுற மாத்திரைதானே." எழுதியது உனக்கில்லை. "எப்ப வேணும்னாலும் விட்டுடுவேன்." கஞ்சாவைத் தொட்டவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அதற்கு அடிமையாகிறார்கள், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் அது ஏறக்குறைய 17 சதவீதம், அதாவது ஆறில் ஒருவர். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்) இருந்தால் அந்தப் பிள்ளை கஞ்சா பக்கமே போகக் கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுவேன்.

'கெடுதல் எனக்கு வராது' என்ற இந்தக் கணக்கை மாற்றினால் பயன் உண்டு. அமெரிக்காவில் 1975 முதல் பள்ளி மாணவர்களிடம் போதைப் பழக்கம் பற்றி ஆண்டுதோறும் கேட்டுவருகிறார்கள். 1980களில் கஞ்சா ஆபத்தானது என்ற எண்ணம் மாணவர்களிடம் கூடக் கூட, பயன்பாடு குறைந்தது. 1990களில் அந்த எண்ணம் தளர்ந்தபோது பயன்பாடு ஏறியது. உடனே மேடை போட்டு பயமுறுத்தக் கிளம்பிவிடாதீர்கள். அதே நாட்டில் 1983இல் தொடங்கி, காவலர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் எடுத்த 'டேர்' திட்டத்தை ஆராய்ந்தவர்கள், அதனால் போதைப் பயன்பாடு குறிப்பிடும்படி குறையவில்லை என்றே கண்டார்கள். ஒரு முறை இழுத்தாலே செத்துப்போவாய் என்கிறீர்கள். அவன் நண்பன் நேற்று இழுத்துவிட்டு இன்று கிரிக்கெட் ஆடுகிறான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவன் நம்பமாட்டான்.

ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒரு முறையாவது போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள், மாலையில் விளையாட்டும் இசையும் கிடைத்தன, இரவில் சுற்றுவதற்கு நேரக்கட்டுப்பாடு இருந்தது. நம் வீடுகளில் முதலாவதைச் செய்ய அரசாங்க உத்தரவு தேவையில்லை.

வீட்டில் மிச்சமிருக்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் சிரப்பைப் பூட்டி வையுங்கள். எத்தனை இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். கடையில் கிட் வாங்கிப் பிள்ளைக்குத் தெரியாமல் சிறுநீர் பார்க்காதீர்கள். தொடர்ந்து கஞ்சா எடுத்தவனுக்கு, விட்டுப் பல நாள், சிலருக்குச் சில வாரம்கூட பாசிட்டிவ் வரும். நிஜமாகவே விட்டவனைப் பொய்யன் என்று அடிப்பீர்கள். தினமும் தூக்க மாத்திரை எடுத்துவந்தவனை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். படிப்படியாகக் குறைப்பதை எங்களிடம் விடுங்கள். தயவுசெய்து காறித் துப்பாதீர்கள், கேளுங்கள். அவன் பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.

மிக முக்கியமானது கடைசியில் வருகிறது. நண்பன் மயங்கினால் பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள், மாட்டிக்கொள்வோம் என்ற பயம். "எந்த நேரமானாலும் கூப்பிடு, அப்போது திட்டமாட்டேன்" என்று இன்றே சொல்லி வையுங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸை அழைத்து, கூடவே இருக்க வேண்டும். காலியான மாத்திரை அட்டையை மறைக்காமல் கொண்டுவாருங்கள். என்ன, எத்தனை, எப்போது என்று கூட வந்த பிள்ளை சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்தது.