மாடு எத்தனை மணிக்குக் கத்தியது?

"நான்கு முறை சினை ஊசி போட்டாகிவிட்டது டாக்டர், சினை நிற்கவேயில்லை." கால்நடை மருத்துவராக நான் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். சினை ஊசி என்பது காளையின் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல். உடனே கையுறையை மாட்டிவிட மாட்டேன். மாடு எத்தனை மணிக்குக் கத்தியது என்று கேட்பேன். பெரும்பாலும், "நேற்றோ முந்தாநாளோ" என்றுதான் பதில் வரும். பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கிறது.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு, அதாவது இனச்சேர்க்கைக்குத் தயாராகும் நிலைக்கு, வரும்; கத்துவது அதன் ஓர் அறிகுறி. 18 முதல் 24 நாள் வரை முன்பின் ஆகலாம். அந்தப் பருவம் நீடிப்பது 12 முதல் 18 மணி நேரம்தான். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிவரும். வந்த முட்டைக்கு ஆயுள் அரை நாள். விந்தணுவோ உள்ளே சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட்ட பிறகே முட்டையைத் துளைக்கும். ஆகவே அது முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் சொல்வது இதனால்தான்.

கத்துவதை மட்டும் நம்ப வேண்டாம். கன்றைப் பிரித்தாலும் கத்தும், தீவனம் தாமதமானாலும் கத்தும். இன்னொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நின்றால் பருவம் உறுதி. ஒற்றை மாடு வைத்திருப்பவர்கள் வாலையும், மாடு படுத்தெழுந்த தரையையும் பாருங்கள்: கண்ணாடிபோலத் தெளிந்த வழும்பு இருக்கும். எருமை பொல்லாதது, சத்தமே போடாமல், பல நேரம் இரவிலேயே பருவத்தை முடித்துக்கொள்ளும்.

ஒருநாள் ஓர் அம்மா பதறிக்கொண்டு வந்தார். ஊசி போட்டு இரண்டே நாளில் மாட்டுக்கு ரத்தம் கசிகிறதாம், கரு கலைந்துவிட்டதாம். கலைய அங்கே இன்னும் கரு ஒட்டவேயில்லை! பருவம் முடிந்து ஓரிரு நாளில் இப்படிக் கசிவது இயல்பு, கிடேரிகளில் (இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்களில்) இன்னும் அதிகம். சினை பிடித்ததா இல்லையா என்பதை அது சொல்லாது. ஊசி போடாத மாட்டில் கண்டால், இந்தமுறை நேரம் தவறிவிட்டது என்று பொருள். அன்றைக்கு ஊசி போட்டுப் பயனில்லை. தேதியைக் குறித்துவைத்து, அன்றிலிருந்து 16ஆம் நாள் தொடங்கி அடுத்த பருவத்துக்காகக் கண்காணியுங்கள்.

ஊசி போட்ட 21ஆம் நாள் கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 60 நாள் கடந்ததும் ஒருமுறை கொண்டுவந்து சோதித்துக்கொள்ளுங்கள். எருமை என்றால் கட்டாயம்.