முயலின் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்

முயலைத் தூக்கிக்கொண்டு சிகிச்சைக்கு வருபவர்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும், “சரியாத் தின்ன மாட்டேங்குது சார்” என்பதுதான். பல்லைப் பார்ப்பேன், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் முதுகையும் பின்புறத்தையும் நன்றாகத் தாங்கிப் பிடித்துப் பின்னங்காலைத் திருப்பினால், பல நேரம் விஷயம் அங்கேதான் இருக்கும். குதிகால் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, நடுவில் ஒரு பொருக்கு. வலியில் முயல் கத்தாது, நொண்டுவதும் குறைவு. ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும், தீனியைக் குறைக்கும். அவ்வளவுதான் அது காட்டும் அறிகுறி.

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தை போல ஒரு பகுதி உண்டு. முயலுக்குக் கிடையாது, அடர்ந்த ரோமம் மட்டும்தான். மண்ணில் நிற்கும்போது நகம் பதியும், எடை பாதம் முழுக்கப் பரவும். வெறும் கம்பியிலும் வழவழப்பான டைல்ஸிலும் நகம் பதிய இடமில்லை. எடை முழுக்கக் குதிகாலில் இறங்குகிறது. நகத்தை வெட்டாமல் நீளமாக விட்டிருந்தால் இன்னும் மோசம். ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற எடை கூடிய இனங்களுக்கும், உள்ளங்கால் ரோமம் மெலிந்த ரெக்ஸ் இனத்துக்கும் இந்தப் புண் சீக்கிரம் வரும். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடித்து எலும்பு வரை போகும். அந்தக் கட்டத்தில் குணமாக்குவது பெரும்பாடு.

கூண்டுத் தரையைத் தேர்ந்தெடுப்பதில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கே ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் பெய்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது போலத் தரை முழுக்க நான்கு அங்குலத்துக்கு வைக்கோலோ மரத்தூளோ பரப்பினால், குலசேகரம், திற்பரப்பு பக்கம் மழைக்காலத்தில் அது காயவே காயாது. ஈரமும் சிறுநீரும் சேர்ந்தால் அம்மோனியா வாயு கிளம்பும். நின்றபடி பார்க்கும் நமக்கு அது தெரியாது. விடியற்காலையில் கூண்டைத் திறந்து, முயலின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால், இரவு முழுக்க அதைச் சுவாசித்த முயலின் நுரையீரல் என்ன ஆகியிருக்கும்? தும்மல், மூக்கில் வெள்ளைச் சளி எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சீடியா கிருமியின் முட்டைகளும் வெதுவெதுப்பான ஈரத்தில் ஓரிரு நாளிலேயே நோய் பரப்பும் நிலைக்கு முதிர்ந்துவிடும். பால் மறந்த குட்டிகள் கொத்தாகச் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: நம் ஊரில் சிறுநீர் கீழே இறங்கிவிடும் தரையும், கால் ஓய்வெடுக்க ஒரு காய்ந்த இடமும் இருந்தாலே போதும். கூண்டு முழுக்கப் படுக்கை தேவையில்லை.

கம்பி வலை என்றால் பெரிய முயலுக்கு அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம் கண் அளவுள்ள, பற்றவைத்த கனமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை வேண்டும். குட்டிகளுக்கு அரைக்கு அரை. விலை மலிவு என்று மெல்லிய கோழி வலையைப் போட்டால் அது தொய்ந்து காலை அறுக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் நல்ல வலையும் உப்புக் காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கும். பற்றவைத்த இடத்தில் துரு பொரிந்து சின்ன முள் போல நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையால் தடவினால் தெரியும். தடவும்போது உங்கள் கை உறுத்தினால் வலையை மாற்றிவிடுங்கள்.

வலை எதுவானாலும் கூண்டில் கால் பங்கு இடத்துக்காவது ஒரு மரப்பலகை போட்டுவிடுங்கள். முயல் நீட்டிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். பெயின்ட் அடித்ததோ, பசை வைத்த பிளைவுட்டோ வேண்டாம், கடித்துத் தின்னும். இரண்டு பலகை வைத்துக்கொண்டு, ஒன்று கூண்டில் இருக்கும்போது மற்றதைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

கடற்கரையைத் தள்ளிய உள்பகுதி ஊர்களுக்கு நான் அதிகம் சொல்வது மூங்கில் அல்லது கமுகு (பாக்கு மரம்) வாரித் தரை, அதாவது நீளப் பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கிய தரை. காலுக்கு இதம், துரு கிடையாது, நம் ஊரிலேயே கிடைக்கும். வாரிக்கு வாரி இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டர் இருந்தால் புழுக்கை விழும், கால் மாட்டாது. விளிம்பையும் கணுவையும் நன்றாகச் செதுக்கி வழவழப்பாக்க வேண்டும். கமுகின் சிலாம்பு ஏறினால் அதுவே புண்ணாகிவிடும். சட்டத்தில் ஆணி அடித்து நிரந்தரமாக்காமல், கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். மரம் சிறுநீரைக் குடிக்கும் என்பதால் இதற்கும் மாற்றுத் தரை ஒன்று அவசியம்.

படுக்கைக்கு வைக்கோல்தான் என் முதல் தேர்வு. அதிலும் கும்பப்பூ போக நெல்லின் வைக்கோல். மாசி வாக்கில் வெயிலில் அறுத்துக் காய்ந்ததால் அதில் பூஞ்சை குறைவு. இன்னொரு நெல் போகமான கன்னிப்பூவின் அறுவடை பல வருடம் மழையில் மாட்டிக்கொள்ளும். அந்த வைக்கோலை உதறினால் சாம்பல் நிறத்தில் தூசு பறந்தால் வாங்காதீர்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் மாசி, பங்குனியில் ஒரு கட்டு வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள்.

மரத்தூளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அறுப்பு மில்லில் எளிதாகக் கிடைப்பதால். பைன், தேவதாரு போன்ற வாசனை மரத்தூள் முயலின் ஈரலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஆகாது. ரப்பர் மரத்தில் அந்த வாசனைச் சிக்கல் இல்லை. ஆனால் மருந்தில் ஊறவைத்த பலகையைச் சீவிய தூளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபர்னிச்சர் பட்டறைத் தூளில் வார்னிஷும் பசையும் கலந்திருக்கும், வேண்டாம். பொடித்தூளை விடச் சீவல் நல்லது. தும்புத் தூள் (தேங்காய் நார்த் தூள்) ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அதை கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டில் போடுங்கள், வாழைக்கு அருமையான உரமாகும். முயலின் உடம்புக்கு அடியில் மட்டும் போடாதீர்கள், தூசு மூக்கில் ஏறும். சாக்கு, பழைய துண்டு இரண்டும் ஆபத்து. முயலால் வாந்தி எடுக்க முடியாது, விழுங்கிய நூல் குடலை அடைத்துவிடும். உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் பூனை மணலுக்கும் இதே காரணம்.

வீட்டுக்குள் டைல்ஸில் விட்டு வளர்ப்பவர்கள் ஓடும் பாதையில் கோரைப்பாய் விரியுங்கள். கடித்தாலும் பெரிய தீங்கில்லை. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். எந்த மூலை என்று பார்த்து அங்கே ஒரு தட்டில் காகிதமும் மேலே வைக்கோலும் வையுங்கள்.

சினை முயலுக்கு 28ஆம் நாள் பிரசவப் பெட்டியை வைக்க வேண்டும், 31ஆம் நாள் வாக்கில் குட்டி போடும். அடியில் சின்னத் துளைகள், மேலே நறுக்கிய வைக்கோல் மூன்று அங்குலம். மீதியைத் தாயே தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி நிரப்பிக்கொள்ளும். நீளமான தும்பு நார் போடாதீர்கள், பிஞ்சுக் காலில் சுற்றி இறுக்கும். பெட்டியின் அடிப்பக்கம் வழுக்கினால் குட்டிகளின் கால் அகன்று, பிறகு எழுந்து நிற்கவே முடியாமல் போகும்.

கழுவுவது சுலபம். நனைந்த படுக்கையைத் தினமும் எடுங்கள். சிறுநீர் காய்ந்து வெள்ளையாகப் படிவது சுண்ணாம்புச் சத்து, வினிகர் ஊற்றினால் கரையும். பினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் காக்சீடியா முட்டை சாகாது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, நல்ல வெயிலில் காயவைப்பதுதான் வழி. தட்டில் சிறுநீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், சில தீவனங்களுக்கு அப்படி ஆகும். முக்கினாலோ சொட்டுச் சொட்டாகப் போனாலோ அழைத்து வாருங்கள். மழைக்காலத்தில் வால் அடியையும் பாருங்கள். நனைந்த ரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

உள்ளங்காலில் ரோமம் மட்டும் உதிர்ந்திருந்தால் தரையை மாற்றினாலே தேறிவிடும். பொருக்கோ வீக்கமோ இருந்தால் அதைப் பிய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையை மட்டும் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குப் பழக்கமான மருந்துதான், ஆனால் வாய்வழியாகக் கொடுத்தால் முயல் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.