ஃப்ரிட்ஜ் ஓடினால் டிவி ஏன் திணறுகிறது?

பிரிட்டனின் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில் தரைக்குச் சற்று மேலே, நடுவில் வட்டத் துளையுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். கூரை ஆன்டெனாவின் கேபிள் அதில்தான் முடிகிறது. அதில் செருகும் பெல்லிங்-லீ பிளக், 1920-களில் லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் வானொலிக்காகப் பிறந்தது. அனலாக் காலத்தில் சாக்கெட் மோசமானால் படத்தில் புள்ளி தூவும், கோடு ஓடும், பொறுத்துக்கொண்டு பார்க்கலாம். 2012 அக்டோபரோடு அங்கே அனலாக் நின்றது. டிஜிட்டலில் ஓர் அளவு வரை பிழைகள் தாமாகத் திருத்தப்படுவதால் படம் பளிச்சென்று இருக்கும். அந்த அளவைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். நாளெல்லாம் ஒழுங்காக ஓடும் டிவி, ஃப்ரிட்ஜ் ஆன் ஆகும் நொடியில் மட்டும் திணறுவது அதனால்தான்.

சரி, ஃப்ரிட்ஜின் மின் இரைச்சல் கேபிளுக்குள் எப்படி நுழைகிறது? கோஆக்சியல் கேபிளின் நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் நுரைப் பிளாஸ்டிக், அதன்மேல் கவசமாக உலோகத் தாளும் பின்னலும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். டிவி சிக்னல் வரும் 600 மெகாஹெர்ட்ஸ் அளவில் அது செம்புக்குள் இறங்கும் ஆழம் 3 மைக்ரான்கூட இல்லை. ஆக, ஒரே கவசத்தின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனிக் கடத்திகள் ஆகிவிடுகின்றன. உள்முகத்தில் டிவி சிக்னல், வெளிமுகத்தில் வீட்டு இரைச்சல். எனக்கு இந்தக் கேபிளில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இரண்டும் சந்திப்பது கவசம் அறுபடும் இடத்தில். பழைய சாக்கெட்டின் பின்பக்கம் திறந்தே கிடக்கும்: பின்னலை முறுக்கி ஒரு கிளிப்பின் கீழ் அழுத்தி, நடுக் கம்பியை ஸ்க்ரூவில் மாட்டியிருப்பார்கள். வெளிமுக இரைச்சல் அந்த விளிம்பைச் சுற்றி உள்ளே வந்துவிடும். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 2, 3 சென்டிமீட்டர் கம்பியே ஒரு குட்டி ஆன்டெனா.

இன்னொரு கோளாறும் உண்டு. சிக்னலுக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பு 75 ஓம். அது கவசத்தின் உள்விட்டத்துக்கும் நடுக் கம்பியின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும் இடையிலுள்ள நுரையையும் பொறுத்தது. விகிதம் ஏறத்தாழ நாலரை. அந்த விகிதம் குலையும் இடத்தில் சிக்னலின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். சுவர்ப் பெட்டிக்குள் கேபிளை மடக்கித் திணித்தாலும் நுரை நசுங்கி இதே கதைதான். பெட்டி ஆழமாக இருக்கட்டும்.

புதிதாகப் போடுவதென்றால் உலோகக் கூடு உள்ள சாக்கெட், பின்பக்கம் எஃப் கனெக்டர். அதில் கேபிளின் நடுக் கம்பியே பிளக்கின் ஊசியாக நீள, கவசம் முழு வட்டமாகத் தொடர்கிறது. பின்னலின் ஓர் இழை நடுக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். ஆன்டெனா கம்பத்தில் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதே கேபிளில் மின்சாரம் மேலே போகும், பெரும்பாலும் 12 வோல்ட். அதை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்புறம், கப்பாசிட்டர் வைத்த தனிமைப்படுத்திய சாக்கெட் அந்த வீட்டுக்கு ஆகாது. மேலே போக வேண்டிய நேர்மின்னோட்டம் அந்தக் கப்பாசிட்டரைத் தாண்டாது, ஆம்ப்ளிஃபையர் உயிர்பெறாது. அடுக்குமாடியின் பொது ஆன்டெனா என்றால் இந்த வேலையில் நாமே இறங்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பின்னும் படம் உடைந்தால், சுவரிலிருந்து டிவிக்குப் போகும் மெல்லிய வெள்ளைக் கேபிளைப் பாருங்கள். மலிவானவற்றில் பின்னல் வலை அங்கங்கே பல்லிளிக்கும், கவசத் தாளே இருக்காது.